மிரர்லெஸ் கெமராவில் பழைய லென்ஸ்: நம்ம மலைப்பக்கம் யார் யார் பாவிக்கிறீர்கள்?

கொட்டகலைத்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சோனி ஏ6400, அதோடு சிக்மா 18-50 எஃப் 2.8. சிக்மாவில் ஒரு குறையும் சொல்ல முடியாது, 290 கிராம்தான், பையில் போட்டால் இருப்பதே தெரியாது, படமும் நல்ல கூர்மை. ஆனால் மாமா தன்னுடைய ட்ரங்குப் பெட்டியில் இருந்து இரண்டு பழைய லென்ஸை எடுத்துத் தந்ததில் இருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஒன்று ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, சோவியத் காலத்துச் சாமான். மற்றது சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4, ஜப்பான். இரண்டுமே எம்42, அதாவது கெமராவில் திருகி மாட்டுகிற பழைய வகை. டகுமாரின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது கைக்கு வருகிற அந்தக் கனமான வழுவழுப்பு நான் தொட்ட புது லென்ஸ் எதிலும் இல்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். டகுமாரின் கண்ணாடி நன்றாக மஞ்சளித்துப் போயிருக்கிறது. ஹீலியோஸுக்குப் பின்னால் போன் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய வெள்ளை நூல் ஓடுகிறது, பூஞ்சணமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் காப்பாற்றலாமா? அடாப்டர் எந்த மாதிரி வாங்க வேண்டும்? நம்ம ஊரில் பாதி வருடம் மழையும் மூடுபனியும், அந்த வெளிச்சத்தில் இந்த லென்ஸ்கள் எடுபடுமா?

அப்புறம் ஓர் ஆசைக் கேள்வி. புதுசோ பழசோ, உங்களுக்குக் கழற்றி வைக்க மனமே வராத லென்ஸ் எது, ஏன்?

ஊவாக்காற்று எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று, இரண்டையும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

அடாப்டர் விஷயம் லேசானது. எம்42 லென்ஸின் மவுண்ட் (கெமராவில் பொருந்தும் இடம்) சென்சருக்கு 45.46 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். சோனி ஈ மவுண்டில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ., உள்ளே மிரர் இல்லாததால் கெமராவை அவ்வளவு ஒல்லியாகச் செய்ய முடிந்தது. மிச்சமுள்ள 27 மி.மீ. சொச்சத்தை நிரப்புகிற உலோகக் குழாய்தான் அடாப்டர், அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டாம், விலை அதிகமானதும் வேண்டாம். மிரர் உள்ள நிக்கோன் டி.எஸ்.எல்.ஆர். கெமரா காலத்தில் இது நடக்காத காரியம். அதில் அந்தத் தூரம் 46.5 மி.மீ., எம்42 லென்ஸ் கேட்பதை விடக் கூடுதல், நடுவில் ஒரு திருத்தக் கண்ணாடி வைக்காவிட்டால் எதிர் மலைக்கு ஃபோகஸே வராது. மிரர்லெஸ் வந்த பிறகுதான் உலகத்து அலுமாரிகளில் கிடந்த லென்ஸ் எல்லாம் திரும்பவும் வெளியே வந்தது.

கெமரா மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் விழ அனுமதிக்கும் இடம் ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் படமே விழாது. டகுமாரின் பக்கத்தில் ஏ, எம் என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது, எம் பக்கம் தள்ளினால்தான் சாதாரண அடாப்டரில் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) மூடும். ஹீலியோஸ் 44-2 இரண்டு வளையம் உள்ள ப்ரீசெட் லென்ஸ், அப்பர்ச்சரைக் கையாலேயே மூடித் திறப்பது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி முக்கியமானது. மலிவு அடாப்டர்கள் பலவற்றை ஒரு மயிரிழை குட்டையாகத்தான் செய்கிறார்கள், அதனால் வளையத்தை முடிவு வரை திருப்பினால் ஃபோகஸ் முடிவிலியைத் தாண்டிப் போய்விடும். ஹப்புத்தளையில் நின்றுகொண்டு தூரத்து மலை வரிசையை எடுக்கும்போது "கடைசி வரை திருப்பியாச்சு, சரி" என்று நினைத்தால் எல்லாமே மெத்தென்று வரும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள். மூடுபனியில் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பவே வேண்டாம். கூர்மையான ஓரங்களைக் கண்டுதான் அது நிறம் காட்டும், பனிக்குள் ஓரம் என்று ஒன்றே கிடையாது, அங்கே பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. எக்ஸ்போஷரும் அப்படித்தான், வெள்ளைப் பனியைக் கெமரா சாம்பலாக்கிவிடும், 0.7 முதல் 1 ஸ்டொப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

ஹீலியோஸ் என்றதும் எல்லோரும் பின்னணி சுழல்வதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்துப் பழைய பயோட்டார் லென்ஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்த லென்ஸ் அது, அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் வரும். உங்கள் ஏ6400-இன் சென்சர் சிறியது, ஓரத்தை வெட்டிவிடுகிறது, எனவே சுழல் குறைவாகத்தான் தெரியும், ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சரில் 87 மி.மீ. லென்ஸ் காட்டுகிற கோணத்துக்கு இதுவும் வந்துவிடும். முகம் எடுக்க அது நல்லதுதான். சுழல்தான் வேண்டும் என்றால் படத்தைச் சுருக்கிச் சிறிய சென்சருக்குள் அடக்குகிற 0.71 மடங்கு ஃபோகல் ரெடியூசர் இருக்கிறது, அதில் 58 கிட்டத்தட்ட 41 ஆகும், வெளிச்சமும் ஒரு ஸ்டொப் கூடும், ஆனால் அது கண்ணாடி உள்ள அடாப்டர், மலிவில் வாங்கினால் மூலைகள் கெடும். உங்கள் கெமராவில் உள்ளே கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசரும் இல்லை, ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய கழற்றாத லென்ஸ் நிக்கோர் 105 மி.மீ. எஃப் 2.5, ஏஐ-எஸ். நிக்கோன் இசட்5-இல் மாட்டி வைத்திருக்கிறேன். லிப்டன் சீட் மலையுச்சிக்கு விடியும் முன்னே ஏறிப்போய் நின்றால் கீழே மலைக்குப் பின் மலையாக நீலம் வெளுத்துக்கொண்டே போகும், அந்த அடுக்குகளை அகன்ற லென்ஸில் எடுத்தால் எல்லாம் சிறுத்து ஒரு கோடாகிவிடும். 105 அதைக் கிட்டே இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துகிறது. புது இசட் லென்ஸ் இதைவிடக் கூர்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வெளுக்கும் நீலத்துக்கு 105 போதும், எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நோர்வூட்காரி எழுதியது:

டகுமார் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை தம்பி, என்னுடைய லென்ஸும் அதேதான்.

மஞ்சளுக்குப் பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் ஒளியை நன்றாக வளைப்பதற்காகக் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள், நாளாக நாளாக அந்தக் கதிர்வீச்சே கண்ணாடியை மஞ்சளாக்கிவிடும். கெமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை, கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிற கண்ணாடியாக மட்டும் பாவிக்க வேண்டாம். புற ஊதா வெளிச்சம் பட்டால் மஞ்சள் இறங்கும். வெயிலில் வைக்கலாம், ஆனால் நம்ம ஊரில் வெயிலுக்கு எங்கே போவது, ஜனவரி முதல் மார்ச் வரை பார்க்கலாம். அப்போதும் கவனம், லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைத்துவிடும், சூடேறினால் உள்ளே கிரீஸ் உருகி அப்பர்ச்சர் இதழில் எண்ணெய் படியும். நான் சிறிய யூ.வி. எல்.ஈ.டி. விளக்கைப் பின் கண்ணாடிக்கு மேலே வைத்து, முன்பக்கம் அலுமினியத் தாளால் மூடி, நாட்கணக்கில் விட்டுவிட்டேன், கண்ணாடி தெளிந்துவிட்டது. அதுவரைக்கும் கெமராவில் வைட் பேலன்ஸை (நிறச் சமனை) சரிசெய்துகொண்டு எடுங்கள்.

ஏன் பிடிக்கும் என்று கேட்டீர்கள். மாசியில் எங்கள் தோட்டத்தில் ரதி மதன் கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கும். பொட்டலில் இரண்டு மூன்று பல்பு, தீப்பந்தம், அவ்வளவுதான் வெளிச்சம். எஃப் 1.4-இல், ஐ.எஸ்.ஓ. 3200-இல், ரதி மதன் முகத்தில் அரிதாரம் மின்னுவதும் பின்னால் நிற்கிற சனங்கள் கரைந்துபோவதும் இந்த லென்ஸில் வருகிற மாதிரி எனக்கு வேறொன்றில் வரவில்லை. முழுதாகத் திறந்தால் பந்தத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் விழும், புது லென்ஸ் செய்கிறவர்கள் அதைத்தான் ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். கூத்துப் பார்க்கிற கண்ணுக்கு அந்த வட்டம் இருக்கிறதே, அதை ஏன் அழிக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் எங்கள் அம்மாமாரை வந்து எடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். தூர லென்ஸை ரோட்டில் இருந்தே நீட்டுகிறார்கள், முதுகில் கூடையோடு மேட்டில் நிற்கிற பெண்ணுக்கு யார் எடுத்தது என்றே தெரியாது. 50 மி.மீ. மெனுவல் லென்ஸில் அப்படி முடியாது. கிட்டே போக வேண்டும், பேச வேண்டும், ஃபோகஸ் பிடிக்கிற வரைக்கும் அவர்கள் பொறுமையாக நிற்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற நிறுவை நேரம் தவிர்த்து மற்ற நேரத்தில் கேட்டால் நின்று பேசுவார்கள், நிறுவையில் அவர்கள் கண் முழுக்கத் தராசில்தான் இருக்கும், அப்போது தொந்தரவு செய்யாதீர்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஜூலியா மார்கரெட் கெமரோன் தெரியுமா? விக்டோரியா காலத்தில் முகங்களை மெத்தென்ற ஃபோகஸில் எடுத்துப் பேர் வாங்கியவர், இங்கிலாந்தில் இருந்து 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார், கல்லறை பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பலருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரும் ஊரும் எழுதுவது அதனால்தான்.

நானுஓயாமழை எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் புது லென்ஸுக்காகவும் ஒருவர் பேச வேண்டும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் எங்கள் பக்கம் விடாமல் தூறும். இந்தப் பழைய லென்ஸ் எதிலும் ரப்பர் அடைப்பு இல்லை, அடாப்டர் சேரும் இரண்டு இடத்திலும் தண்ணீர் போக வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஃபுஜி 35 மி.மீ. எஃப் 2 டபிள்யூ.ஆர்., 170 கிராம், அதோடு மழை தாங்கும் எக்ஸ்-டி4 கெமரா. பட்டிப்பொல ஸ்டேஷனில் மழைக்குள் ரயில் வரும்போது குடையைப் பிடிப்பதா, ஃபோகஸைப் பிடிப்பதா? அங்கே ஓட்டோ ஃபோகஸ்தான் வேண்டும். தம்பியின் சிக்மாவில் மவுண்டில் மட்டும்தான் அடைப்பு, தூறலுக்குச் சரி, அடைமழைக்கு உறை போடுங்கள்.

ஹீலியோஸைப் பற்றி. நூல் மாதிரித் தெரிவது பூஞ்சணமேதான். அது கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கிறது, அரித்த தடத்தைத் துடைத்தும் எடுக்க முடியாது, அதனால் தள்ளிப்போடாமல் பழைய கெமரா திருத்துகிறவரிடம் கொடுத்துத் துடைத்துவிடுங்கள். ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. துடைக்கும் வரை சிக்மாவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வைக்கிற இடம்தான் எல்லாம். ட்ரை கெபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்க வசதி இல்லையென்றால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்னதாக ஒரு ஈரப்பதமானி, அது 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். அரிசி போட வேண்டாம், தூசி. லென்ஸோடு வந்த தோல் உறை இருந்தால் அதைத் தனியே வையுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். இரவில் வெளியே குளிரில் எடுத்துவிட்டு அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வரும்போது, வாசலிலேயே கெமராவை சிப் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே வாருங்கள், வியர்ப்பது பைக்கு வெளியே நடக்கட்டும்.

கொட்டகலைத்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமாவிடம் கேட்டேன், தோல் உறை இரண்டும் இருக்கிறதாம், அதை வாங்கவில்லை. ஹீலியோஸை இந்தக் கிழமையே துடைக்கக் கொடுக்கிறேன். அக்கா, யூ.வி. விளக்கை வைக்கும்போது அப்பர்ச்சரைத் திறந்து வைக்க வேண்டுமா? அண்ணே, ஃபோகல் ரெடியூசர் இப்போதைக்கு வேண்டாம், வெறும் அடாப்டரே வாங்குகிறேன்.

நோர்வூட்காரி எழுதியது:

முழுதாகத் திறந்து எஃப் 1.4-இல் வையுங்கள். மஞ்சளித்தது பின்பக்கத்துக் கண்ணாடி, அதனால் விளக்குப் பின்னால் இருந்துதான் அடிக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், விளக்கு எரியும்போது அதை நேராகப் பார்க்க வேண்டாம். மாசிக்கு முன்னால் தெளிந்துவிட்டால் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், கூத்துக்காரர்களிடம் நான் சொல்லி வைக்கிறேன்.