சீனக் கல்வெட்டு மைப்படிகளை இணையத்தில பாக்கிறது எப்பிடி?

கரையூரான் (கேள்வி):
இலங்கையில காலியில கிடைச்ச மும்மொழிக் கல்வெட்டின்ர (சீனம், தமிழ், பாரசீகம்) தமிழ்ப் பகுதி வாசிச்சாச்சு. இனி மற்றச் சீனக் கல்வெட்டுகளின்ர மைப்படிகளையும் (கல்லில தாளை ஒட்டி மையால எடுத்த படிகள்) பாக்க விருப்பம். மைப்படிப் படங்கள் இருக்கிற யப்பானின்ர கியோத்தோ பல்கலைக்கழகத் தளத்தில ஆங்கில எழுத்தில தேடினா ஒண்டும் வருகுதில்லை. வேற இடத்தில கிடைச்ச ஒரு படத்தில வரிகள் துண்டு துண்டாக் கிடக்கு. எனக்குச் சீனம் தெரியாது. எங்க பிழைக்குது?

படிக்காரன்:
தம்பி, கல்லின்ர பேரை விக்கிப்பீடியாவில சீன எழுத்தில எடுத்து அப்பிடியே ஒட்டித் தேடுங்கோ. இப்பத்தைய எளிதாக்கின சீன எழுத்து வேண்டாம், பழைய முழு வடிவம். ஆண்டாலையும் தேடலாம்: யொங்லே (சீனச் சக்கரவர்த்தி ஒருவற்ர ஆட்சிக்காலப் பேர்) 1 எண்டால் 1403, காலிக் கல்லில இருக்கிறது யொங்லே 7, அதாவது 1409. சந்திர மாதக் கணக்கு எண்டபடியால் 12ஆம் மாதத் திகதி அநேகமா அடுத்த ஆங்கில வருசத்துக்க விழும், கவனம்.

துண்டு வரிகள் பிழையில்லை. மைப்படியைக் கீலங்கீலமா வெட்டிப் புத்தகமா ஒட்டினது அது. எழுத்துப் பழகிறவைக்கு நல்லம், எங்களுக்கு உதவாது. சிதைஞ்ச இடத்தை விட்டிட்டு ஒட்டியிருப்பினம். வரிக்கு எத்தினை எழுத்து எண்டும் தெரியாது. முழுத்தாள் இருக்கிற பதிவாத் தேடுங்கோ.

நல்லூர்க்கிழவன்:
எடுக்கிற முறை தெரிஞ்சால் படம் விளங்கும். ஈரத்தாளைக் கல்லில ஒட்டி, தூரிகையால குத்திக் குத்திப் பள்ளத்துக்க இறக்கி, அரை ஈரத்தில மைப்பொட்டணத்தால ஒத்துவினம். மேட்டில மட்டும் மை படும், வெட்டின எழுத்து வெள்ளையா நிக்கும். வெடிப்பும் வெள்ளைதான், அங்கதான் ஏமாறுறது! உளி விளிம்பு கூரா இருக்கும். வெடிப்பு எழுத்தைத் தாண்டி அடுத்த வரிக்கும் ஓடும். தாள் ஈரம் கூடினால் மை ஊறி மெல்லிய கோடுகள் மூடுப்பட்டிடும்.

பட்டியலில போட்டிருக்கிற ஆண்டு அநேகமாக் கல்லு வெட்டினது, தாள் எடுத்ததில்லை. ஒரே கல்லின்ர இரண்டு மைப்படியைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. எதில கூட எழுத்து உடையாமல் இருக்கோ, அது முந்தி எடுத்ததா இருக்கும். ஒரு சிதைவும் இல்லாட்டில், புதுக்கல்லில திருப்பி வெட்டின நகலோ எண்டும் யோசிக்க வேணும்.

கரையூரான்:
நன்றி அண்ணை. கல்லின்ர பின்பக்கத்தைக் காணேல்லையே?

படிக்காரன்:
அதைத் தனிப் பதிவாப் போட்டிருப்பினம். பேர்ப்பட்டியல் மாதிரிச் சோலியெல்லாம் பின்பக்கத்திலதான், ஆனபடியால் விடாதேங்கோ. கண் பழகிறதுக்குச் சீனத் துறைமுக நகர் சுவான்சோவின்ர 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை எடுங்கோ. கடைசியில மட்டும் சீன எழுத்து. தமிழ் வரிகளில எது வெடிப்பு, எது வெட்டு எண்டு பிரிக்கப் பழகினால் சீனத்திலயும் பிடிபடும்.