இலையில் அயோடின் விட்டால் கருநீலம் வராமல் பழுப்பாகவே நிற்கிறது, ஏன்?

பச்சையம்7:
ஏழாம் வகுப்பு ஒளிச்சேர்க்கைச் சோதனை: வெயில் பட்ட இடத்தில் உண்டாகும் ஸ்டார்ச் (மாவுச்சத்து) அயோடினில் கருநீலமாக வேண்டும், மறைத்த இடம் ஆகக்கூடாது. தொட்டிச் செம்பருத்தியை 24 மணி நேரம் இருட்டில் வைத்து, ஓர் இலையின் மேல்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, 2 மணி நேரம் வெயில் காட்டினோம். பிறகு இலையைத் தண்ணீரில் வேகவைத்து, சூடாக்கிய சானிடைசரில் ஊறவைத்து, மருந்துக்கடை போவிடோன் அயோடினை அப்படியே விட்டோம். இலை முழுக்கப் பழுப்பு. தாள் மறைத்த இடமும் வெயில் பட்ட இடமும் ஒரே மாதிரி. எங்கே பிழை?

ஆய்வகத்தட்டு:
முதலில் அயோடினைச் சோதியுங்கள். சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் உடனே நீலமாக வேண்டும். போவிடோன் அயோடினை அப்படியே ஊற்றினால் அதன் பழுப்பே நீலத்தை மறைத்துவிடும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், வெளிறிய டீ நிறம் வரவேண்டும்.

பெரிய பிழை சானிடைசர். அதில் கணிசமான அளவு தண்ணீர் இருக்கும், ஜெல் என்றால் கெட்டியாக்கும் பொருளும் சேரும். பச்சையம் பாதிதான் வெளியே வரும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் வேண்டும். அதை ஒருபோதும் அடுப்பில் நேராக வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும். பெரிய பீக்கரில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயை அணைத்த பிறகே இலையும் எத்தனாலும் உள்ள சோதனைக்குழாயை அதற்குள் நிறுத்துங்கள். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூடே போதும். இலை வெளிறாவிட்டால் எத்தனாலை மாற்றி, தண்ணீரை மறுபடி சூடாக்குங்கள்.

வேர்க்கால்:
2 மணி நேர வெயில் குறைவு, 4 முதல் 6 வரை விடுங்கள். இருட்டு 48 மணி நேரம். வெயிலில் வைக்கும் முன்பே ஓர் இலையைப் பறித்துச் சோதித்தால், பழைய ஸ்டார்ச் தீர்ந்ததா என்று தெரிந்துவிடும். பலரும் விடும் படி இதுதான்.

செம்பருத்தி தடித்த, கொழகொழப்பான இலை. அவரை இலை மெல்லியது, சீக்கிரம் வெளிறும். வெங்காயத் தாளில் முயலவே வேண்டாம், அது இலையில் ஸ்டார்ச் சேர்ப்பதில்லை.

ஆய்வகத்தட்டு:
செம்பருத்தியிலும் வரும், இளம் இலையாக இருந்தால். நேரம்தான் கூடும்.

பச்சையம்7:
கஞ்சி நீலமாகிவிட்டது. அப்படியானால் அயோடின் சரி. எத்தனாலிலிருந்து எடுத்த இலை மொறமொறவென்று உடைகிறதே?

வேர்க்கால்:
எத்தனால் இலையிலுள்ள நீரை இழுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு, மிருதுவாகும். ஆனால் சூடாக இருக்கும்போதே அயோடின் விடாதீர்கள். சூட்டில் நீலம் மறைந்து, ஆறிய பிறகே திரும்பும். வெள்ளை ஓட்டில் விரித்து ஆறவிட்டு, பிறகு சொட்டுங்கள்.

தாளை இரண்டு பக்கமும் வைத்து கிளிப் போடுங்கள், மேலே மட்டும் ஒட்டினால் அடியிலிருந்து வெளிச்சம் புகும். இன்னோர் இலைக்கு அதே அளவில் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை மாட்டுங்கள். கறுப்புத் தாள் காற்றையும்தானே அடைக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த இலைதான் பதில்.