செம்புழுதி உழவுக்குக் கேபின் டிராக்டரா, திறந்த வண்டியா?

செம்புறைக்காட்டுக்காரி (கல்லல் பக்கம்):

வணக்கம். வீட்டுக்குப் புது டிராக்டர் எடுக்க வேண்டும். ஏசி கேபின் வைத்த வண்டியா, திறந்த வண்டியா என்று ஒரு மாதமாக வீட்டில் பேச்சு ஓடுகிறது, முடிவுதான் வரவில்லை. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சொந்த நிலம் 11 ஏக்கர். அதில் 4 ஏக்கர் கண்மாய்ப் பாசனம், மீதி வானம் பார்த்த செம்மண். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டும். குடும்பம் ஓடுவது வாடகை உழவில்தான். சுற்றி நான்கு ஊர்களுக்குப் போகிறோம். இப்போதுள்ள 39 குதிரைத்திறன் வண்டி 1996இல் அப்பா வாங்கியது. இன்றைக்கு ஓட்டுவது என் தம்பி, வயது 26. டீசல், கணக்கு, வாடகை பேசுவது, பாக்கி வசூல் எல்லாம் என் பொறுப்பு.

சொகுசுக்காகக் கேபின் கேட்கவில்லை. அப்பா 27 வருடம் திறந்த வண்டி ஓட்டினார். இப்போது அவருடைய இடது காது ஏறக்குறையப் போய்விட்டது. மதுரையில் காது மருத்துவர் முதலில் கேட்டதே, "டிராக்டர் ஓட்டினீர்களா?" என்றுதான். ஓட்டுகிறவர் வலது தோள் வழியாகத் திரும்பித் திரும்பிக் கலப்பையைப் பார்ப்பார். அந்த நேரமெல்லாம் இடது காது என்ஜினை நோக்கி இருக்கும், அதனால் பலருக்கு இடது காதுதான் முதலில் கெடும் என்று விளக்கினார். கீச்சென்ற உச்சக் குரல்தான் முதலில் கேட்காமல் போகுமாம். வாசலில் லாரி வந்தால் அப்பாவுக்குத் தெரிகிறது. என் மகள் பக்கத்தில் நின்று "ஐயா" என்று கூப்பிட்டால் தெரியவில்லை. அவள் இப்போது அவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறாள்.

அடுத்தது புழுதி. எங்கள் பக்கம் பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, புழுதி விதைப்புதான். ஐப்பசி மழையை நம்பி ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைக்கிறோம். அதற்கு முன் ஆடியிலிருந்தே புழுதி உழவு. போன ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் தம்பி வந்து தொட்டியடியில் வாய் கொப்பளித்தான். நான்காவது தடவையும் தண்ணீர் சிவப்பாகவே விழுந்தது. ரத்தமோ என்று அப்பத்தா பதறிவிட்டார். இமை, மூக்கு, காது மடிப்பு எங்கும் காவி. முகத்தில் துண்டு கட்டித்தான் ஓட்டியிருக்கிறான்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால்தான் இந்த எண்ணமே வந்தது. அப்படியும், எனக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் 55 குதிரைத்திறன் வண்டியைக் கேபினோடு எடுத்தால் 3 லட்சத்து 20 ஆயிரம் கூடுதல். வருடத்துக்கு 650 மணி நேரம் ஓடுகிறது. எட்டு வருடத்தில் பிரித்துப் பார்த்தால் மணிக்கு 62 ரூபாய் கேபினுக்கு மட்டும் விழுகிறது, வட்டி தனி. கேபின் வண்டி என்பதற்காக யாரும் பத்து ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். அந்தப் பணத்தைப் போடலாமா?

புதுவயல் ஓட்டுநர்:

தங்கச்சி, நான் ஒரு முதலாளியிடம் இரண்டு வருடமாகக் கேபின் வண்டி ஓட்டுகிறேன். அதற்கு முன் 15 வருடம் திறந்த வண்டி. கேபினே எடுங்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை முன்பெல்லாம் வண்டியை மரத்தடியில் போட்டுவிடுவேன். இப்போது அந்த நேரத்திலும் உழுகிறேன். உங்கள் 62 ரூபாய்க் கணக்கில் இந்த மூன்று மணி நேரத்தைச் சேர்க்கவில்லை.

ஆனால் கேபினுக்குள் உட்கார்ந்துவிட்டால் புழுதி வராது என்று நினைக்காதீர்கள். கதவைச் சாத்தி, காற்று விசிறியை ஓட விட்டால்தான் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், புழுதி நுழையாது. வெற்றிலை துப்ப, போன் பேச, ஆளைக் கூப்பிட என்று கதவைத் திறந்து திறந்து மூடினால் அத்தனை புழுதியும் உள்ளே வந்து அங்கேயே சுற்றும். கதவு ஓரத்து ரப்பர் கிழிந்தாலும் அதே கதைதான். வடிகட்டியை உழவு நாளில் தினமும் கழற்றித் தட்ட வேண்டும்.

இன்னொன்று, சத்தம் குறைவதில் ஒரு நட்டமும் உண்டு. செம்புறாங்கல்லில் ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை) கத்தி மோதினால் திறந்த வண்டியில் உடனே காதில் விழும். கேபினில் விழாது. முதல் மாதம் மூன்று கத்தி உடைந்த பிறகு வரப்பில் நின்ற ஆள் ஓடிவந்து சொல்லித்தான் இறங்கிப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு தலைமாட்டிலும் திரும்பும்போது கலப்பையைக் கண்ணால் பார்த்துவிட்டே இறக்குகிறேன். தம்பிக்கு முதல் நாளிலேயே இந்தப் பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டைச் சம்சாரி:

ஓட்டுநர் தம்பி சொன்னது கரிசனத்தோடு சொன்னதுதான். ஆனாலும் நான் மறுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அம்மா, உங்களுக்குக் கண்மாய்ப் பாசனமும் இருக்கிறது என்கிறீர்கள். தொளி உழவுக்கு, அதாவது தண்ணீர் கட்டிய சேற்று உழவுக்கு, இரும்புச் சக்கரம் மாட்டி இறங்கும்போது கேபினின் எடையும் சேர்ந்து அழுத்தும். எங்கள் கண்மாய்க்குக் கீழே மடையடி வயல்களில் கனமான வண்டி இறங்கினால், அதை ஏற்ற இன்னொரு வண்டி வர வேண்டும்.

அதோடு நம் பக்கத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். வண்டிப்பாதை இரண்டு பக்கமும் கருவை. கொப்பு கண்ணாடியில் அடித்தால் கீறல்; நேராகக் குத்தினால் கண்ணாடியே போகும், புதுக் கண்ணாடி வரும் வரை உழவு நிற்கும்.

நான் சொல்வது திறந்த வண்டி, ஆனால் கம்பெனியே பொருத்தித் தரும் பாதுகாப்பு வளைவும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டி. பட்டறையில் குழாய் வளைத்துப் போடும் டாப்பை நம்பாதீர்கள். அது வெயிலுக்கு மட்டும்தான், வண்டி கவிழ்ந்தால் மடங்கிவிடும். என் மைத்துனர் மகன் கண்மாய்க் கரை ஏறும்போது வண்டி முன்சக்கரம் தூக்கிப் பின்னால் மல்லாந்தது. மேலே நல்ல டாப் இருந்தது. அந்தப் பிள்ளையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. சுவீடனில் 1959லேயே புது டிராக்டருக்கெல்லாம் பாதுகாப்பு அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. வளைவு இருந்தால் பட்டை போட்டே ஓட்ட வேண்டும். வளைவு இல்லாத வண்டியில் பட்டை போடவே கூடாது. காதுக்கு மூடி, மூக்குக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.

கேபின்தான் என்று நின்றால், ஒரே ஒரு வேலை செய்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். கேபின் வண்டியின் உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்குப் பழைய வண்டியின் மட்கார்டில் ஒரு மூங்கிலைக் கட்டுங்கள். உச்சியில் கேபின் அகலத்துக்குக் குறுக்குக் கழி ஒன்று. அதோடு நீங்கள் உழவுக்குப் போகும் எல்லாப் பாதையிலும் ஒரு தடவை போய் வாருங்கள். மின்கம்பி இருக்கும் பக்கம் மட்டும் அதைக் கொண்டு போகாதீர்கள்.

காரைக்குடிப் பட்டறை:

வண்டி வேலை பார்ப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசி ஓடும்போது என்ஜினிலிருந்து மூன்று நான்கு குதிரைத்திறன் போகும். 55இல் அது தெரியாது. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரில் வைக்கோல் தூசி அடைத்தால் குளிர் வராது. என்னிடம் "கேஸ் போய்விட்டது" என்று வரும் வண்டிகளில் பாதி இதுதான். ஏசி கெட்டால் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார முடியாது, கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பிறகு கேபின் எதற்கு? ராத்திரி நிறுத்தும் இடத்தில் எலி இருந்தால் வயரைக் கடிக்கும்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி. கேபினோ திறந்ததோ, புது என்ஜின் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுவது. கேனில் தேங்கிய அழுக்கு டீசலை ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விடச் சொல்லுங்கள்.

மருந்து அடிக்கும் வேலைக்கும் போவீர்களா? சாதாரண வடிகட்டி புழுதியை மட்டும்தான் நிறுத்தும். பூச்சிமருந்தின் ஆவியை நிறுத்தாது. ஐரோப்பியத் தரத்தில் கேபின்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆவியையும் தடுப்பது நான்காவது வகை மட்டும். நம்மிடம் விற்பவர் அந்தச் சான்றைக் காட்டாவிட்டால், உள்ளே உட்கார்ந்தாலும் கவசம் போட்டே அடிக்க வேண்டும்.

செம்புறைக்காட்டுக்காரி (கல்லல் பக்கம்):

மூவருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் போடாததற்குக் காரணம், மூங்கில் கட்டிப் போய்வந்ததுதான்.

விற்பனைக்கு நின்ற கேபின் வண்டியைத் தம்பி டேப் வைத்து அளந்தான். தரையிலிருந்து உச்சி வரை 8 அடி 10 அங்குலம். அதே உயரத்துக்கு மூங்கில் கட்டி, குறுக்குக் கழியின் இரு முனையிலும் சிவப்புத் துணி சுற்றினோம். தம்பி ஓட்ட, நான் பின்னால் வண்டியில் வந்து, தட்டிய இடமெல்லாம் நோட்டில் எழுதினேன். நான்கு ஊர்ப் பாதையிலும் சேர்த்து 13 இடங்கள். ஒன்பது கருவைக் கொப்புகள். அன்றே அரிவாளால் கழித்தாயிற்று. மூன்று சாலையோரப் புளியங்கிளைகள். அவற்றை நாங்கள் தொட முடியாது, ஒரு பர்லாங் சுற்றிப் போனால் போதும். பதின்மூன்றாவது, வீட்டிலேயே இருந்தது.

நாங்கள் வண்டி நிறுத்துவது ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், அப்பாதான் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பின்வாசலுக்குப் பர்மாத் தேக்கு நிலை. மூங்கில் தன் உச்சிக்கு ஏழு அங்குலம் கீழே அதன் மேல்விட்டத்தில் இடித்தது. கட்டையில் கீறல் விழுந்துவிட்டதோ என்று அப்பா ஏணி போட்டு ஏறி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விழவில்லை. அந்த நிலையைத் தொடும் பேச்சே கிடையாது. வெளியில் தகரக் கொட்டகை போடக் கேட்டதற்கு 60 ஆயிரம் சொல்கிறார்கள். விலைப்பட்டியலில் இல்லாத இந்தச் செலவு, மூங்கில் கட்டாவிட்டால் வண்டி வந்து வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்திருக்கும். தேவகோட்டை ஐயாவுக்கு அதற்காகத் தனியாக ஒரு கும்பிடு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு, பட்டறை டாப் போட்ட எங்கள் பழைய வண்டியைத் தம்பி இனி டிப்பரோடு கண்மாய்க் கரையில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

காது மூடி யோசனையையும் தள்ளவில்லை, வாங்கிக் கொடுத்தேன். புழுதி உழவில் முகக்கவசமும் மூடியும் மாட்டிக்கொண்டு தம்பி ஒன்றரை மணி நேரம் தாங்கினான். பிறகு வேர்வையில் நனைந்த முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வெயிலில் நான் அரை மணி கூட மாட்டமாட்டேன்.

சத்தத்தையும் பார்த்தோம். கைப்பேசிச் செயலி துல்லியமில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரே போனில் இரண்டையும் அளந்தால் வித்தியாசமாவது தெரியுமே. பழைய வண்டியில் தம்பி காதருகே 97 டெசிபல். கேபின் வண்டியில் கதவு சாத்தி, ரோட்டாவேட்டர் ஓடும்போது 79. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் மூன்று மூன்றாகக் கூடும்போது நேரம் பாதி பாதியாகக் குறைய வேண்டும். அப்படிப் பார்த்தால் 97க்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம். தம்பி ஓட்டுவது எட்டு மணி, உழவு நாளில் பத்து மணி. அப்பா 27 வருடம் ஓட்டினார். இந்தக் கணக்கை எழுதி முடித்த பிறகு 62 ரூபாய்க் கணக்கை நான் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

ஆகவே கேபின்தான். ஆனால் தொளிக்கு அதை இறக்கப் போவதில்லை. பழைய வண்டிக்கு மாற்று விலையாக ஒரு லட்சத்து 40 ஆயிரம் தருவதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. தொளிக்கும் மரத்தடி உழவுக்கும் அது இருக்கும், வருடத்தில் நூறு மணி நேரம் வந்தால் அதிகம். அதற்குத் தம்பி காது மூடி மாட்டிக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். மருந்தடிக்க இரண்டு வண்டியையும் அனுப்பவில்லை. விற்பவரிடம் சான்று கேட்டேன், இல்லை என்றார். வாங்கும் அன்றே இரண்டு வடிகட்டியும் ஒரு பக்கக் கண்ணாடியும் கூடுதலாக எடுத்து வைக்கிறோம்.

மிச்சம் இருப்பது ஒரு கம்பி. வடக்குத் தெருக் களத்துக்குப் போகும் வழியில் மின்கம்பி தொய்ந்து கிடக்கிறது. மூங்கிலை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தூர நின்றுதான் பார்த்தோம். கேபினுக்கு மேல் இரண்டு அடி கூட இருக்காது. மேலே நெல் மூட்டை ஏற்றிய டிப்பர்களும் அதன் கீழேதான் போகின்றன. மின்வாரியத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். கம்பியை இழுத்துக் கட்டிய மறுநாள் முன்பணம் கட்டுவோம்.