மைக்ரோசேனல் ரியாக்டர்ல அடைப்பே வராதாமே?

கீழக்கரை டீசல்:
நேத்து பாம்பன் காத்து எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலை. வழுதூர் இயற்கை கேஸை, அதாவது மீத்தேனை, பீரோ அளவு மைக்ரோசேனல் ரியாக்டர்ல விட்டா ஹைட்ரஜன் வரும், விசைப்படகே ஓட்டலாம், "அடைப்பே வராது"ன்னு அடிச்சு விட்டிருக்கார். ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத வாய்க்கால்ல கரி படியாதா?

பாம்பன் காத்து:
படிச்சுட்டுப் பேசுங்கண்ணே. மீத்தேனும் நீராவியும் சேர்ற வினை மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். இதே வினையை நடத்துற பழைய பெரிய உலையான ரிஃபார்மர்ல பத்து சென்டிமீட்டர் அகலக் குழாய். வெளிச்சூடு நடுவுக்குப் போறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். இதுல எரியுற வாய்க்காலுக்கும் வினை நடக்கிற வாய்க்காலுக்கும் நடுவுல ஒரு மெல்லிய தகடுதான்.

கீழக்கரை டீசல்:
சூட்டை யார் கேட்டா? அடைப்பைச் சொல்லுங்க.

பாம்பன் காத்து:
ஒரு பங்கு மீத்தேனுக்கு மூணு பங்கு நீராவி விட்டா கரி படியாது.

கீழக்கரை டீசல்:
விட்டா! தண்ணி பம்ப் கொஞ்ச நேரம் நின்னா? 800 டிகிரியில, வினையை வேகப்படுத்துற நிக்கல் வினையூக்கி மேல கரி முளைச்சிடும். பெரிய குழாய்ன்னா மூடியைக் கழட்டி வினையூக்கியைக் கொட்டிட்டுப் புதுசு நிரப்பலாம். இது தகடுகளை அடுக்கி, சூட்டுல அழுத்தி ஒண்ணா ஒட்டினது. கழட்ட ஒரு போல்ட் உண்டா? இன்ஜின் நாசிலைக் கையால சுத்தம் பண்ணியிருந்தா இப்படி எழுத மாட்டீங்க.

மண்டபம் டீச்சர்:
காத்து விட்டு எரிச்சா கரி போயிடும் தம்பி. அதை விடுங்க, நீராவிக்கு உப்பில்லாத தண்ணி எங்க இருக்கு? காவிரித் தண்ணிக்கே குடத்தோட நிக்கிறோம்.

தொண்டி வலை:
மண்டபத்துக்காவது தண்ணி வருது டீச்சர். எங்க தெருப் பக்கம் வந்து பாருங்க.

மண்டபம் டீச்சர்:
எங்க வருது? வந்து பார்த்துட்டா எழுதுறீங்க?

கீழக்கரை டீசல்:
தண்ணிச் சண்டையைத் தனியா வச்சுக்கங்க. டீச்சர், முழுசா அடைஞ்ச வாய்க்காலுக்குள்ள காத்து எப்படிப் போகும்? திறந்திருக்கிற பக்கத்து வாய்க்கால் வழியா ஓடிடும். அடைஞ்சது அடைஞ்சதுதான்.

பாம்பன் காத்து:
அதுக்குத்தான் ஒரே பெருசா கட்டாம சின்னச் சின்னதாப் பல பெட்டி வைக்கிறாங்க. ஒண்ணு அடைஞ்சா அதை நிறுத்திட்டு மத்ததை ஓட்டலாம்.

கீழக்கரை டீசல்:
"அடைஞ்சா"ன்னு உங்க கையாலயே எழுதிட்டீங்க!

பாம்பன் காத்து:
பேச்சுக்குச் சொன்னது. போன தடவை ஜிபிஎஸ் விஷயத்துலயும் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடிச்சுத் தொங்குனீங்க.

கீழக்கரை டீசல்:
ஜிபிஎஸ்ல நான் சொன்னதுதான் சரி. அடைப்புக்குப் பதில் எங்க?

பாம்பன் காத்து:
மூணு பங்கு நீராவி. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான்.

தொண்டி வலை:
டீச்சர், நாளைக்கே வர்றேன். எந்தத் தெருன்னு சொல்லுங்க.