ஏழு பாலக் கணக்கும் நம் ரயில் பாதைகளும்: ஓர் ஐயம்

கேள்வி (பாளையங்கோட்டை): கல்லூரியில் கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்) தொடங்கியிருக்கிறது. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், எதையும் இருமுறை மிதிக்காமல் கடந்துவர இயலாது என்று கணிதவியலாளர் ஆய்லர் 1736இல் காட்டியது வரை விளங்குகிறது. ஒற்றைப்படை முனைகள் (ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாதைகள் சேரும் இடங்கள்) இரண்டு இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ மட்டும் ஏன் இயலும்? நடைமுறையில் இதற்கு என்ன பயன்?

பதில் (தச்சநல்லூர்): ஊரை முனையாகவும் பாதையை விளிம்பாகவும் கொள்ளுங்கள், ஒரு முனையைத் தொடும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. இடைவழி ஊருக்குள் ஒரு பாதையால் நுழைந்தவர் இன்னொன்றால் வெளியேற வேண்டும் என்பதால் அங்கே பாதைகள் இரண்டிரண்டாகத் தீர்கின்றன; புறப்படும் ஊரிலும் முடிக்கும் ஊரிலும் மட்டுமே ஒன்று தனித்து நிற்கலாம். கோனிக்ஸ்பெர்க்கின் நான்கு நிலப்பகுதிகளுக்கும் படி 5, 3, 3, 3; நான்குமே ஒற்றைப்படை என்பதால்தான் அங்கே இயலவில்லை.

நம் ரயில் பாதைகளை வரைந்து பாருங்கள். நெல்லைச் சந்திப்பிலிருந்து மணியாச்சி, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில் என நான்கு பிரிகின்றன. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கும் விருதுநகருக்கும், தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கும் விருதுநகருக்கும் பாதைகள் போகின்றன. விருதுநகர், செங்கோட்டை, நாகர்கோவிலுக்கு அப்பால் உள்ளவற்றை விட்டுவிட்டால் மணியாச்சிக்கும் தென்காசிக்கும் படி 3, விருதுநகருக்கு 2, தூத்துக்குடி உள்ளிட்ட நான்கு கடைசி ஊர்களுக்கு 1. ஒற்றைப்படை முனைகள் ஆறு ஆகிவிடுவதால், ஒவ்வொரு பாதையையும் ஒரே முறை பார்வையிட்டு முடிக்க இயலாது. ஆயினும் திருச்செந்தூரில் தொடங்கி நாகர்கோவிலில் முடித்தால், தூத்துக்குடிக்கும் செங்கோட்டைக்கும் மட்டும் போய்த் திரும்பினால் போதும். இவ்வாறு மறுநடையைக் குறைப்பதே சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு 1960இல் எழுப்பிய அஞ்சல்காரர் கணக்கு.

பதில் (ஸ்ரீவைகுண்டம்): அண்ணாச்சியின் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நெல்லை, மணியாச்சி, விருதுநகர், தென்காசி ஒரு சுற்று. அதில் எந்தப் பாதை அறுந்தாலும் மறுபக்கமாகப் போய்ச் சேரலாம். திருச்செந்தூர்ப் பாதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளை அரித்துப் போனபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளுடன் எங்கள் நிலையத்தில் நின்றுவிட்டது. நீக்கினால் படத்தையே இரண்டாக்கும் இத்தகைய விளிம்புக்குக் கோட்டுருவியலில் ‘பாலம்’ என்றே பெயர். (வேடிக்கை என்னவென்றால், கோனிக்ஸ்பெர்க்கின் ஏழில் ஒன்றுகூட இந்தப் பொருளில் பாலம் அன்று.) மின்கம்பி, குடிநீர்க் குழாய் வலைகளிலும் இவற்றைக் கண்டறிந்தால்தான் மாற்றுவழி எங்கே தேவை என்பது தெரியும்.

கேட்டவர்: வரைந்து பார்த்தேன், எட்டு முனைகள், எட்டு விளிம்புகள். சுற்றில் ஒன்றை எடுத்தாலும் எல்லா ஊர்களும் இணைந்தே இருக்கின்றன. சுற்றே இல்லாமல் எல்லா முனைகளையும் இணைப்பது என்று பாடத்தில் வரும் ‘மரம்’ இதுதானா?

பதில் (தச்சநல்லூர்): அதுவேதான். சுற்றிலுள்ள நான்கில் எதை எடுத்தாலும் ஒரு மரம் கிடைக்கும் என்பதால், இந்தப் படத்தில் எல்லா ஊர்களையும் இணைக்கும் மரங்கள் நான்கு.