காரைக்குடி – திருச்சி சாலையில் நானும் மகனும் கேட்ட கதைகள்

பையனுக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறது. அதைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை திருச்சிக்குப் போக வேண்டும். திருமயம், புதுக்கோட்டை வழியாக 90 கிலோமீட்டர் சொச்சம். சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை காதில் எதையோ செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால் அவ்வளவு தூரமும் நான் வெறும் ஓட்டுநர்தான். ஒலிப்புத்தகம் வந்த பிறகு இது மாறியது. எதைப் போடுவது என்று சிலர் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

முதலில் போட்டது பொன்னியின் செல்வன். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைக்க வேண்டாம். அது 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர். 5 பாகம், 293 அத்தியாயம். வாசகர் அடுத்த இதழுக்குத் தவம் கிடக்க வேண்டும் என்றே எழுதியது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் போய் நிற்கும். வாசிப்பவரைப் பொறுத்து ஓர் அத்தியாயம் கால் மணி நேரம் முன்பின் ஓடும். வண்டியில் கேட்பதற்கு இந்த அளவு மிகவும் தோது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பலர் பல குரலில் வாசித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதனால் எந்தக் கதை என்பதைவிட எந்தக் குரல் என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. குதிரைக் குளம்பொலி, வாள் மோதும் ஓசை, பின்னணி இசை என்று நாடகமாகவே போட்ட பதிவுகள் எனக்குப் பிடித்திருந்தன. வீட்டில் கேட்க அவை நன்றாகத்தான் இருக்கின்றன. வண்டியில், லாரி ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும்போது, குந்தவை கிசுகிசுப்பது காதில் விழுவதில்லை; சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி முரசு வந்து அடிக்கிறது. ஒரே ஆள் நிதானமாக, ஒரே சீராக வாசிப்பதே சாலைக்கு ஏற்றது. அப்படி ஒரு குரலை மகனே தேடி எடுத்தான். அவன் தேர்ந்தெடுத்தது என்பதாலேயே பாதிச் சண்டை தீர்ந்தது.

மீதிச் சண்டை வேகத்தைப் பற்றியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் ஒன்றரை மடங்கு ஓட்டினால்தான் பொறுக்கிறது. அந்த வேகத்தில் வந்தியத்தேவன் ஏலம் கூறுபவனைப் போலப் பேசினான். இழுபறிக்குப் பிறகு ஒன்றேகாலில் ராசியானோம்.

கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கும் இடம் சுங்கச்சாவடியில் மாட்டிக்கொண்டது. ஃபாஸ்டேக் அட்டையைக் கருவி படிக்கவில்லை, கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள், பின்னால் ஹாரன். பழுவேட்டரையர் சொன்னதில் பாதி போயிற்று. வரிசையிலிருந்து வெளியே வருவதற்குள், “அப்பச்சி, பின்னால் தள்ளிப் போடுங்கள்” என்றான். காதுக்குழாயை அவன் எங்கே கழற்றி வைத்தான் என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

போகும்போது என் கதை, வரும்போது அவன் கதை என்பது ஒப்பந்தம். அவன் கொண்டுவந்தது ஷெர்லாக் ஹோம்ஸ், ஆங்கிலத்தில். மொத்தம் 56 சிறுகதைகள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதுக்கோட்டை தாண்டும்போது ஆரம்பித்தால் வீட்டு வாசலுக்குள் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். இதில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம்: ஹோம்ஸ் விளக்கம் சொல்லத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல வேண்டும். ஒரு கதையில் மாற்றாந்தகப்பன், இரண்டு பெண்கள். அவர்களுக்குக் கல்யாணமானால் தாய் வைத்துவிட்டுப் போன பணம் அவன் கையை விட்டுப் போகும். நமணசமுத்திரம் டீக்கடையில், “இவன்தான்” என்றேன். கணக்கு வழக்கில் வளர்ந்த நமக்கு இது ஒரு புதிரா? “சரி, எப்படிச் செய்தான்?” என்றான். டீ ஆறியதுதான் மிச்சம்.

இரண்டுக்கும் நடுவே மாற்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னைக்கு வந்திறங்கிய கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்ட வைக்கப் பார்க்கும் மனிதரின் கதை. பையன் வாய்விட்டுச் சிரித்தான். புதுமைப்பித்தன் சில காலம் நம் காரைக்குடியில் ‘ஊழியன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்றதும், “எந்தத் தெருவில்?” என்று கேட்டான்.

இதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியது:

எனக்கு மகள், வயது பதினாறு. நாங்கள் மதுரைக்குக் காளையார்கோவில், சிவகங்கை வழியாகப் போகிறவர்கள். வேலு நாச்சியார் வரலாற்றை ஒலிவடிவில் கேட்டோம். அவர் கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவில் போரில் மடியும் பகுதி வந்தபோது கோயில் கோபுரம் கண்ணில் பட்டது. “இங்கேயா?” என்றாள். அத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம், ஒருநாளும் கேட்டதில்லை. இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்கால நாவல் ஒன்று, பலரும் புகழ்ந்தது, முன்கூட்டிக் கேட்காமல் போட்டேன். திடீரென்று படுக்கையறைக் காட்சி. படிக்கும்போது பக்கத்தைத் தள்ளிவிடலாம். வண்டிக்குள் ஒரு குரல் நிறுத்தி நிதானமாக வர்ணிக்கும்போது எங்கே போவது? என் கை தானாகச் சத்தத்தைக் குறைத்தது. அவள் முகத்தைத் திருப்பாமலே, “ஏன் அம்மா, சிக்னல் போய்விட்டதா?” என்றாள். இருவரும் சிவகங்கை வரை சிரித்தோம். ஆனாலும் இப்போது புதிய நாவல் என்றால் நான் முதலில் சமையலறையில் கேட்டுவிடுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து இன்னொருவர்:

எங்கள் சிக்கல் வேறு. பின் இருக்கையில் அப்பத்தா. பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டுப் புத்தகத்தில் பொன்னியின் செல்வனை மனப்பாடமாகப் படித்தவர். நந்தினி முதன்முதலில் பல்லக்குத் திரையை விலக்கியதும், “இவள் யார் தெரியுமா?” என்று ஆரம்பித்துவிட்டார். பேரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “அப்பத்தா, வேண்டாம்!” என்று கத்த, ஓட்டிக்கொண்டிருந்த நான் ஓரங்கட்டினேன். அவர் வரும் நாள்களில் ஹோம்ஸ்தான் போட வேண்டும் போலிருக்கிறது. தமிழில் கிடைக்குமா?

காரைக்குடிக்காரர் மீண்டும்:

மொழிபெயர்ப்புகள் உண்டு, நல்ல வாசிப்புதான் தேட வேண்டும். கிடைத்தால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தின் குரலையும் அணைத்துவிடுங்கள். திருச்சிக்குப் போக நமக்கு வழி சொல்ல வேண்டுமா என்ன?