ஏரிக்கரைக் கேபினில் மூன்று நாள், ஆறு பேர்: கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

வெயில்வாரம்:

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் ஒரு ஏரிக்கரைக் கேபினை எடுத்திருக்கிறோம். வெள்ளி மதியம் போய் ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். ரோடு முடிகிற இடத்திலிருந்து சின்ன மோட்டார் படகில் இருபது நிமிடம் போக வேண்டும். கரண்ட் கிடையாது. பெட்ரோல் பம்ப் ஒன்று ஏரித் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் அடுப்பும் உண்டு, ரெண்டு கயாக் இருக்கிறது. போன சீசனுக்குப் பிறகு யாரும் அங்கே தங்கவில்லையாம்.

குடிக்க, சமைக்க எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகணும்? ஏரித் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? பம்ப் தண்ணீர் எடுக்கவில்லையென்றால் என்ன செய்வது? இறைச்சி, பால், முட்டையெல்லாம் மூன்று நாள் கெடாமல் இருக்குமா? எங்களில் ரெண்டு பேருக்கு நீச்சல் சரியாக வராது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஃபுட்வால்வு:

முதலில் தண்ணீர்க் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 72 லிட்டர். அது 72 கிலோ, படகில் இன்னொரு ஆளை ஏற்றுகிற மாதிரி. அதனால் முழுவதையும் சுமக்க வேண்டாம். முதல் 24 மணி நேரத்துக்கு 24 லிட்டர் கையில் இருக்கட்டும், மீதியை அங்கேயே சுத்தம் செய்யலாம். அந்த முதல் நாள் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பம்ப் மக்கர் செய்வது பெரும்பாலும் போய் இறங்கிய அன்றுதான்.

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். கேஸை மிச்சப்படுத்த ஃபில்டர் கொண்டுபோனால் ஒன்று கவனிக்கவும்: 0.1 அல்லது 0.2 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. குளோரின் அதற்கு நேர் எதிர். வைரஸ், பாக்டீரியா சாகும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் அசையாது. ஆகவே முதலில் ஃபில்டர், பிறகு குளோரின். வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு பிளீச் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாகவோ ரொம்பக் குளிர்ச்சியாகவோ இருந்தால் 4 சொட்டு. பழைய பிளீச்சுக்கு வீரியம் போயிருக்கும், புதுப் பாட்டில் வாங்குங்கள். கேபின் குழாயில் வருவதும் அதே ஏரித் தண்ணீர்தான் என்பது பல் துலக்கும்போது மறந்துபோகும். வாய் கொப்பளிக்கவும் சுத்தம் செய்த தண்ணீர்தான்.

பம்ப். கரையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பம்பும் நடைமுறையில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் உறிஞ்சாது. மேலே தள்ளுவது வேறு கணக்கு. உறிஞ்சுகிற வேலையைச் செய்வது காற்றழுத்தம், அதனால் மலைமேல் இருக்கும் ஏரியில் இந்த எல்லை இன்னும் குறையும். ஏரி மட்டம் கோடையில் இறங்கியிருந்தால் போன வருடம் எடுத்த பம்ப் இந்த வருடம் எடுக்காமல் போகலாம். அப்படியானால் பம்பைத் தண்ணீருக்குக் கிட்டே இறக்கி வைப்பதுதான் வழி.

ஓட்டும் முன் மூடியைத் திறந்து பம்பின் உடல் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சு குழாயின் முனையில் ஃபுட் வால்வு (தண்ணீர் ஏரிக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு) இருந்தால் குழாயும் நிறையும் வரை, குமிழி நிற்கும் வரை ஊற்ற வேண்டும். தானே இழுக்கும் வகை என்று எழுதியிருந்தாலும் பம்பின் உடலில் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் சீலைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான், வறட்டு ஓட்டத்தில் சில நிமிடத்தில் சீல் கருகிவிடும்.

ஊற்ற ஊற்ற மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். மணலோ பாசியோ சிக்கியிருக்கும், தூக்கி அலசுங்கள். மட்டம் நின்றும் பம்ப் தண்ணீர் எடுக்கவில்லையென்றால் உறிஞ்சு பக்க இணைப்பு ஏதோ ஒன்று காற்று வாங்குகிறது. இதில் ஏமாந்துபோவது சுலபம், ஏனென்றால் அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குங்கள், வாஷர் வெடித்திருக்கிறதா பாருங்கள். குழாய் ஏரியிலிருந்து பம்ப் வரை ஏறுமுகமாகவே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். வால்வு முனை அடித்தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே தொங்கட்டும், இல்லையென்றால் சேற்றை உறிஞ்சும்.

சீசன் முழுக்கத் தேங்கிய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் துளையை அடைக்கும். பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல்லி உரிமையாளரிடம் இப்போதே பேசுங்கள். உதிரியாக ஒரு ஸ்பார்க் பிளக், டெஃப்லான் டேப், ரெண்டு அளவு ரப்பர் வாஷர், ஹோஸ் கிளாம்ப் எடுத்துக்கொண்டால் போதும்.

நீர்க்காகம்:

மேலே சொன்னதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. கோடையில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகியிருந்தால் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. கிருமி சாகும், பாசி விட்ட நச்சு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய நச்சின் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண ஃபில்டரையும் ரெண்டு சொட்டு பிளீச்சையும் இதில் நம்பக் கூடாது.

பச்சைப் பெயிண்ட் கொட்டினாற்போல் மேலே ஆடை படர்ந்திருக்கும், கரையோரம் பச்சையோ நீலமோ கோடு விழும், பல நேரம் நாற்றம் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரண இழைப்பாசியாக இருக்கலாம். பெயிண்டில் முக்கிய மாதிரி குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் அந்தத் தண்ணீரில் குடிப்பு, குளிப்பு, பாத்திரம் கழுவுவது எதுவும் வேண்டாம். நாய் கூட வந்தால் அதையும் தண்ணீருக்கு விடாதீர்கள். நாய் குடித்ததோடு நிற்காது, ரோமத்தில் ஒட்டியதையும் நக்கும்.

காற்று இந்த ஆடையை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குத் தள்ளும். காலையில் சுத்தமாக இருந்த துறை மாலையில் பச்சையாகலாம், அதனால் தினமும் பாருங்கள். புறப்படும் முன் அந்த ஏரிக்கு எச்சரிக்கை ஏதும் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள். இருந்தால் 72 லிட்டரையும் சுமப்பதைத் தவிர வேறு வழியில்லை, படகை ரெண்டு நடையாக ஓட்டுங்கள்.

வெயில்வாரம்:

ரொம்ப நன்றி. இந்தப் பாசி விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. உரிமையாளரிடம் பெட்ரோலுக்கும் இதற்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். ஃபிரிட்ஜ் எப்போது பற்றவைக்கணும்? போனதும் சாமானை உள்ளே வைத்துவிடலாமா?

பனிக்கட்டி:

வைக்கக் கூடாது. கேஸ் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கரைசலைச் சூடாக்கி அது தானே சுற்றி வருவதில்தான் குளிர் உண்டாகிறது, மெதுவாகத்தான் இறங்கும். இறங்கியதும் முதல் வேலையாகப் பற்றவையுங்கள், ஆனால் மறுநாள் காலை வரை அதை நம்பாதீர்கள். அதுவரை எல்லாம் ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். இன்னொன்று, ஃபிரிட்ஜ் சமமாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கரைசல் திரும்பி ஓடாமல் குளிர் நின்றுவிடும். மரத்தரை ஒரு சீசனில் இறங்கியிருக்கும், ரசமட்டம் வைத்துப் பார்த்து அடியில் கட்டை கொடுங்கள். குளிராத ஃபிரிட்ஜ் என்று புகார் வருவதில் பல இந்தச் சாய்வினால்தான்.

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று வைத்துக்கொண்டு உடனே அணையுங்கள். புகைபோக்கியில் சிலந்திக்கூடோ பறவைக்கூடோ அடைத்திருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டுபோய் படுக்கிற இடத்தில் வையுங்கள், அங்கே மாட்டியிருப்பது காலாவதியாகி இருக்கலாம். ஒரே நேரத்தில் ரெண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் காரணம் தேடிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டாம், எல்லோரும் வெளியே வாருங்கள். மழை பெய்தாலும் கரி அடுப்பை உள்ளே எடுத்து வரக் கூடாது. அணைந்த மாதிரி கிடக்கும் கரியும் வாயுவை விடும். சிலிண்டரை மாட்டியதும் ரெகுலேட்டர், குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி விட்டால் கசிவு.

ஐஸ் பெட்டி ரெண்டாக இருக்கட்டும். குடிக்கிற பானத்துக்கு ஒன்று, அதை ஓயாமல் திறப்பீர்கள். உணவுக்கு ஒன்று, அதை நாளுக்கு மூன்று முறைக்கு மேல் திறக்க விடாதீர்கள். பெட்டியை முந்தின இரவே ஐஸ் போட்டுக் குளிர வைக்கவும், வெயிலில் கிடந்த பெட்டியில் போட்டால் பாதி ஐஸ் பெட்டியைக் குளிர வைக்கவே போய்விடும். உணவு ஒரு கிலோ என்றால் ஐஸ் ரெண்டு கிலோ. துண்டு ஐஸைவிடக் கட்டி ஐஸ் நாள் நிற்கும். 1 லிட்டர், 2 லிட்டர் பாட்டிலில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விட்டு உறைய வைத்தால் உருகிய பிறகு அதுவே குடிதண்ணீர், உங்கள் 24 லிட்டரில் ஒரு பகுதி இதிலேயே வந்துவிடும். இறைச்சியை உறைய வைத்து, ரெண்டு உறை போட்டு, அடியில் வையுங்கள். ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். 4 டிகிரிக்கு மேல் ஏறி ரெண்டு மணி நேரம் ஆன இறைச்சி, பால், முட்டையை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல் அப்புறப்படுத்துங்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

துடுப்பு:

நீச்சல் பற்றிக் கேட்டிருந்தீங்க, யாரும் இன்னும் அதைத் தொடலை. பம்பும் ஃபிரிட்ஜும் போனா ஒரு நாள் அவதி. ஏரி அப்படி இல்லை.

கோடையில் மேல்தண்ணி இதமா இருக்கும், சில மீட்டர் கீழே சட்டுன்னு சில்லிடும். பலகையிலிருந்து குதிச்சா நேரா அங்கே போவீங்க. 15 டிகிரிக்குக் கீழே இருக்கிற தண்ணியில விழுந்த உடனே மூச்சு தானா இழுக்கும், நிறுத்த முடியாது. அந்த இழுப்பு தண்ணிக்குள்ள நடந்தாதான் ஆபத்து. அதுக்கு ஒரு கணக்கு உண்டு: 1-10-1. ரொம்பக் குளிர்ந்த தண்ணியில மூச்சு கட்டுக்குள் வர சுமார் 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்கிறது சுமார் 10 நிமிஷம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிஷத்துல நீந்தப் பார்க்காம மிதக்கப் பாருங்க. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களும் மாட்டிக்கிறது இந்த முதல் நிமிஷத்துலதான்.

அதனால படகுலயும் கயாக்லயும் ஆறு பேரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கணும், நீச்சல் வராத ரெண்டு பேர் மட்டும் இல்லை. காலடியில போட்டு வெச்ச ஜாக்கெட்டைத் தண்ணிக்குள்ள மாட்ட முடியாது. சைஸ் பார்க்கிற விதம்: எல்லா பக்கிளையும் போட்டுட்டு ஆளைக் கையை உயர்த்தச் சொல்லி, தோள்பட்டியைப் பிடிச்சு மேலே தூக்குங்க. தாடை, காது வரைக்கும் ஏறினா பெரிய சைஸ். கேபின்ல இருக்கிறது உங்க ஆறு பேருக்கும் பொருந்தும்னு நினைக்காம முன்னாடியே கேட்டு வைங்க.

காத்து நிரப்பின மிதவைகளைக் கரையிலிருந்து ஏரிக்குள்ள வீசுற காத்து இருக்கும்போது இறக்கவே கூடாது. கரையோரம் மரநிழல்ல காத்து தெரியாது, இருபது மீட்டர் தள்ளிப் போனதும் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். மிதவை போனா போகட்டும், துரத்தி நீந்தாதீங்க. கயாக் கவிழ்ந்தா கயாக்கை விடாதீங்க, அது மிதக்கும், தேடுறவங்க கண்ணுக்கும் அதுதான் தெரியும்.

குதிக்கிற இடத்துல முதல்ல நடந்து இறங்கி ஆழம் பாருங்க. ஏரி மட்டம் மாறும், அடியில மரக்கட்டை வந்து கிடக்கும். ஒருத்தர் தத்தளிச்சா கூடவே குதிக்கிறது கடைசி வழி. முதல்ல கம்பு நீட்டு, அப்புறம் கயிறு வீசு. மிதக்கிற கயிறு 15 மீட்டர் துறையில எப்பவும் தொங்கட்டும். மது அருந்தினவங்க அன்னிக்கு மறுபடி தண்ணியில இறங்க வேண்டாம், படகும் ஓட்ட வேண்டாம். இதை வெள்ளிக்கிழமையே ஆறு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க.

மோட்டார் ஓட்டறவர் கில் ஸ்விட்ச் கயிறை (ஆள் விழுந்தா இழுபட்டு மோட்டாரை நிறுத்துற கயிறு) கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டணும். படகுல ஒட்டியிருக்கிற தகட்டுல அதிகபட்ச எடை இருக்கும். ஆளும் சாமானும் எரிபொருளும் எல்லாம் அதுக்குள்ளதான், மேலே சொன்ன தண்ணிக் கேனும் சேர்த்து. திறந்த ஏரியில மதியத்துக்கு மேல காத்து ஏறுறது வழக்கம், ஏத்திப் போற நடைகளை முன்னாடியே முடிங்க. இடி கேட்டா தண்ணியை விட்டு வெளியே வந்து கேபினுக்குள்ள போங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் மறுபடி இறங்கணும்.

பூச்சிவலை:

யாரும் தங்காமல் கிடந்த கேபின் என்றீர்கள், எலிப் புழுக்கை நிச்சயம் இருக்கும். துடைப்பத்தைத் தொடாதீர்கள். உலர்ந்த புழுக்கைத் தூள் மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் தொற்ற வாய்ப்புண்டு. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். தண்ணீருக்கு வாங்கும் பிளீச்சையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் பெரிய பாட்டிலாக எடுங்கள்.

கொசுவுக்கு 20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள, தோலில் தடவுகிற மருந்து. சன்ஸ்க்ரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கண்ணாடி, வாட்ச் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கும் சோப்பு என்றாலும் ஏரியில் கரைக்க வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.

கேபினின் அட்சரேகை, தீர்க்கரேகை, படகு ஏறும் இடம், எத்தனை பேர் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்று நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். எங்காவது ஒரு கோடு சிக்னல் கிடைத்தால் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போக வாய்ப்புண்டு.

கிளம்பும்போது கேஸைச் சிலிண்டரிலேயே மூடுங்கள், அணைத்த ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தே வையுங்கள், மூடினால் பூஞ்சை பிடிக்கும். நெருப்பு மூட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடே தெரியாத வரை செய்ய வேண்டும்.